ஒரே ஒரு காட்சி ஓடிய பேட்டரி: தபாலில் விற்பதன் கணக்கு

நாடக மேடையில் நடிகரின் இடுப்பில் ஒளிந்திருக்கும் வயர்லெஸ் மைக் பெட்டிக்குள் பெரும்பாலும் இரண்டு டபுள்-ஏ அல்கலைன் செல்கள் இருக்கும். புது ஜோடி போட்டால் பல மாடல்கள் 8 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். நாடகம் 3 மணி நேரம்தான். ஆனாலும் அடுத்த காட்சிக்கு அதே ஜோடியைப் பெரும்பாலும் யாரும் விட்டுவைப்பதில்லை. பாட்டின் நடுவில் மைக் செத்தால் அரங்கம் முழுக்கத் தெரியும். அந்த அவமானத்தின் முன்னால் இரண்டு செல்லின் விலை தூசு. திரை விழுந்ததும் பழையது வெளியே, அடுத்த நாள் திரை எழுமுன் புதியது உள்ளே. 20 மைக் உள்ள குழு வாரத்துக்கு 8 காட்சி நடத்தினால் 320 செல்கள் சேரும். தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் கூடங்கள், மாநாட்டு மண்டபங்கள், வழிபாட்டுக் கூடங்கள், நாள் குறித்து பேட்டரி மாற்றும் மின்னணுக் கதவுப் பூட்டுகள் என்று இதே பழக்கம் பல இடங்களில் உண்டு. சாகும்வரை காத்திருக்க முடியாத இடம் எதுவானாலும், அங்கே உயிருள்ள செல்கள் தட்டுத் தட்டாகக் குவியும்.

இவற்றைப் பொறுக்கி, கட்டி, சல்லிசான விலைக்குத் தபாலில் அனுப்பலாம் என்ற எண்ணம் எவருக்கும் எளிதில் வரும். வேலையில் இறங்கிய பிறகுதான் மூன்று கேள்விகள் எதிரே நிற்கும்: செல்லில் எவ்வளவு மீதம் இருக்கிறது, வழியில் தீப்பிடிக்காமல் போய்ச் சேருமா, தபால் செலவு போகக் கையில் ஏதாவது நிற்குமா. பலர் முதல் கேள்வியிலேயே முழுக் கவனத்தையும் வைக்கிறார்கள். வாங்குபவருக்கு மீதச் சக்தியைவிட முக்கியமான ஒன்று உண்டு. எல்லாச் செல்களும் ஒரே அளவு பயன்பட்டவையாக இருக்க வேண்டும். 60 சதவீதம் மீதமுள்ள நாலு செல்கள், 95, 90, 80, 30 என்று மீதமுள்ள நாலு செல்களைவிட நல்ல சரக்கு. காரணம் வேதியியலில் இருக்கிறது.

செல்லுக்குள் என்ன நடக்கிறது

அல்கலைன் செல்லின் நடுவில் துத்தநாகத் தூள் கூழ். சுற்றிலும் மாங்கனீசு டையாக்சைடு. இரண்டையும் நனைத்திருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். 'பேட்டரி ஆசிட்' என்று பலரும் சொல்வது இந்தச் செல்லுக்குப் பொருந்தாது. மின்சாரம் எடுக்க எடுக்கத் துத்தநாகம் ஆக்சைடாக மாறுகிறது, வோல்டேஜ் படிப்படியாகச் சரிகிறது. இந்தச் சரிவு ஒரு வசதி. கடைசிவரை ஒரே மட்டத்தில் நின்று திடீரென்று விழும் லித்தியம் செல்லைப் போல இல்லாமல், அல்கலைன் செல் தன் வயதை வோல்டேஜில் ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

எந்தச் சுமையும் இல்லாமல், அதாவது செல்லிலிருந்து எதுவும் மின்சாரம் இழுக்காதபோது, அளந்தால் புது டபுள்-ஏ சுமார் 1.6 வோல்ட் காட்டும். ஓரளவு ஓடிய செல் 1.44-இல் நின்றால் சுமார் பத்தில் ஒன்பது பங்கு மீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 1.34 என்றால் ஏறத்தாழ 70 சதவீதம், 1.30 என்றால் பாதி, 1.20 என்றால் பத்தில் ஒன்று. 1.34-க்கும் 1.30-க்கும் இடையே வெறும் 0.04 வோல்ட்தான் வித்தியாசம். அதற்குள் 20 சதவீதச் சக்தி அடங்கியிருக்கிறது. இரண்டாவது தசமத்தைக் காட்டாத மீட்டர் இந்த வேலைக்கு உதவாது.

இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஓய்வெடுத்த செல் கொஞ்சம் பொய் சொல்லும். மைக்கிலிருந்து கழற்றிய நிமிடத்தில் 1.32 காட்டிய செல், ஒரு இரவு சும்மா கிடந்தால் அதைவிட உயர்ந்து நிற்கும். சக்தி கூடிவிட்டதா என்றால் இல்லை. உள்ளே அயனிகள் பரவிச் சமநிலைக்கு வந்திருக்கின்றன, அவ்வளவுதான். அதனால் ஒரு செல்லைக் கழற்றியவுடனும் மற்றொன்றை ஒரு நாள் கழித்தும் அளந்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும். எல்லாவற்றையும் குறைந்தது ஒரு நாள் ஒரே அறையில் கிடத்திவிட்டு, பிறகு அளப்பதே முறை. குளிரில் இருந்து எடுத்து வந்ததை உடனே அளந்தாலும் வோல்டேஜ் குறைவாகக் காட்டும்.

மீதம் எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில், எங்கே போடப் போகிறார்கள் என்பதையும் பொறுத்தது. 150 முதல் 200 மில்லியாம்பியர் இழுக்கும் மைக்கில் 3 மணி நேரம் ஓடிய டபுள்-ஏ சுமார் அரை ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியரை அரை மணி நேரம் இழுக்கும் அளவு) இழந்திருக்கும். வேகமாக இழுத்தால் அல்கலைன் செல் தன் முழுக் கொள்ளளவைத் தராது. கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் 2.5 ஆம்பியர்-மணி அளவுக்குக்கூடத் தரும். மைக்குக்கு 'கால்வாசி போய்விட்டது' என்று தோன்றும் செல், சுவர்க்கடிகாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே குறைந்த செல். மில்லியாம்பியரில் ஒரு சிறு பின்னம்தான் கடிகாரம் இழுக்கும். அதில் இந்தச் செல் வருடக்கணக்கில் ஓடும். ரிமோட், வயர்லெஸ் மவுஸ், சமையலறைத் தராசு, சின்ன எல்இடி விளக்கு எல்லாம் இதே வகை. கேமரா ஃபிளாஷ், மோட்டார் வைத்த பொம்மை போன்றவை அதிகம் இழுப்பவை. அவற்றில் போட்டவர்தான் இரண்டு நாளில் புகார் எழுதுவார்.

பொருந்தாத செல் ஏன் கசிகிறது

நாலு செல்கள் வரிசையாகப் போடும் ஒரு விளக்கை எடுத்துக்கொள்வோம். மூன்றில் 80 சதவீதம் மீதம், ஒன்றில் 30. வரிசை இணைப்பில் நாலிலும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். பலவீனமானது முதலில் தீரும். ஆனால் மற்ற மூன்றும் 4 வோல்ட்டுக்கு மேல் வைத்திருப்பதால் விளக்கு அணையாது, லேசாக மங்கும், அவ்வளவுதான். தீர்ந்த செல்லின் வழியாக மின்னோட்டத்தை மற்றவை தள்ளிக்கொண்டே இருக்கும். அதன் முனைகளின் திசையே தலைகீழாகும். உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகி அழுத்தம் ஏறும். அடியில் உள்ள பிளாஸ்டிக் அடைப்பில், செல் வெடிக்காமல் இருக்கவே வேண்டுமென்று மெல்லியதாக விடப்பட்ட இடம் கிழிந்து வாயு வெளியேறும். கூடவே காரமும் வரும். அது காற்றில் உள்ள கரியமிலவாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாகிப் பூக்கும். பழைய ரிமோட்டைத் திறந்தால் ஸ்பிரிங்கில் பார்க்கும் வெள்ளைப் பொடி அதுதான்.

பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள் என்று ஒவ்வொரு கருவியிலும் அச்சடித்திருப்பது இதற்காகத்தான். பயன்படுத்திய செல்லை விற்பவர் இந்த எச்சரிக்கையின் எல்லைக் கோட்டிலேயே நிற்கிறார். கலந்துகட்டிக் கொடுத்தால் வாங்குபவரின் கருவி பாழாகும். ஒரே மாதிரிச் செல்களாகக் கொடுத்தால், பாதி தீர்ந்தவை ஆனாலும் நாலும் ஒன்றாகவே தீரும், சிக்கல் இல்லை.

ஆகவே பொறுக்கும் வேலை மீட்டரில் தொடங்கக் கூடாது, கழற்றும் இடத்திலேயே தொடங்க வேண்டும். ஒரே பெட்டியிலிருந்து வரும் இரண்டு செல்களும் ஒரே நிறுவனம், ஒரே தேதி, ஒரே அளவு ஓட்டம். எந்தச் சோதனைக் கருவியும் இதைவிடச் சிறந்த ஜோடியைப் பொருத்தித் தராது. கழற்றியவுடன் அந்த இரண்டையும் சேர்த்தே ஒரு காகிதப் பட்டையால் கட்டி, ஒரே இரவின் ஜோடிகளை ஒரே தட்டில் போட்டு, தேதியும் 'ஒரு காட்சி' அல்லது 'இரண்டு காட்சி' என்றும் எழுதிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டியவர், இலவசமாகக் கிடைத்த அந்த வரலாற்றை அழித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு செல்லாக அளந்து அதைத் திரும்பத் தேடுகிறார். பெரும்பாலான அரங்குகளில் இருப்பது வாளிதான். ஒலிக் கலைஞரிடம் பேசி வாளிக்குப் பதில் தட்டு வைக்கச் செய்வது, நல்ல மீட்டர் வாங்குவதைவிடப் பலன் தரும்.

அளப்பதும் ஒதுக்குவதும்

மீட்டரைத் தொடுமுன் கண்ணால் பார்த்து ஒதுக்க வேண்டியவை உண்டு. எதிர்முனை விளிம்பில் துளி ஈரமோ வெள்ளைப் பூச்சோ தெரிந்தால் அந்தச் செல்லையும், அதோடு ஒரே கருவியில் இருந்ததையும் தள்ளிவிட வேண்டும். நசுங்கியது, அடி உப்பியது, கீழே விழுந்து நேர்முனை மொட்டு உள்ளே போனது எல்லாம் ஒதுக்க வேண்டியவை. மேலுறை கிழிந்ததை மட்டும் பலர் 'அழகுதானே கெட்டது' என்று விட்டுவிடுவார்கள். அது தவறு. அல்கலைன் செல்லில் வெளி உலோகக் குப்பி முழுவதும் நேர்முனை. அடியில் இருக்கும் சிறு வட்டத் தகடு மட்டுமே எதிர்முனை. அந்தத் தகட்டின் அருகே மேலுறை கிழிந்திருந்தால், கருவியின் ஸ்பிரிங் ஒரே நேரத்தில் தகட்டையும் குப்பியையும் தொட்டு செல் ஷார்ட் ஆகலாம்.

அடுத்து எடை. ஒரு சமையலறைத் தராசு போதும். அல்கலைன் டபுள்-ஏ சுமார் 23 கிராம், டிரிபிள்-ஏ 11 முதல் 12 கிராம். டபுள்-ஏ அளவில் 15 கிராம் மட்டும் இருந்து, வோல்டேஜ் 1.7-க்கு மேல் காட்டினால் அது லித்தியம் செல். அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அதன் மீதத்தை வோல்டேஜை வைத்துச் சொல்ல முடியாது, தபால் விதியும் வேறு. அதைப் போலவே எடை குறைந்தும் வோல்டேஜ் சாதாரணமாகவும் இருந்தால் பெரும்பாலும் துத்தநாக-கார்பன் செல். அதில் ஆரம்பத்திலேயே சக்தி குறைவு. தபால் செலவுக்குத் தாங்காது. மறுசார்ஜ் செல்கள் 1.2 வோல்ட் வகை. அவற்றைக் கொள்ளளவு அளக்கும் சார்ஜரில் ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பார்த்துத்தான் விற்க வேண்டும். அது தனிக்கதை.

இப்போது மீட்டர். சிவப்பு முனை ஆம்பியர் துளையில் செருகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். அப்படியே செல்லில் வைத்தால் செல் ஷார்ட் ஆகும், மீட்டரின் ஃபியூஸ் போகும். டிசி வோல்ட்டில் வைத்து, சுமையில்லா அளவை எடுக்கலாம். அது முதல் சல்லடை. இரண்டாவது சல்லடை சுமையோடு: 4.7 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றை செல்லின் இரு முனைகளிலும் வைத்து, 5 விநாடி கழித்து வோல்டேஜைப் படிக்க வேண்டும். சுமார் மூன்றில் ஒரு ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டரில் அரை வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வெப்பம் உண்டாகும். கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் விரல் சுடும். செல்லைப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் கூடு பயன்படுத்தினால், மீட்டர் முனைகளை வயரில் வைக்காமல் நேரே செல்லின் மொட்டிலும் தகட்டிலும் வைக்கவும். மலிவான ஸ்பிரிங்கின் தடையே 0.05 வோல்ட்டைத் தின்றுவிடும். அப்புறம் நல்ல செல்கள் எல்லாம் வீக்காகத் தெரியும்.

சுமையில் 1.35-க்கு மேல் நிற்பது முதல் தரம். 1.25 முதல் 1.35 வரை இரண்டாம் தரம்; கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் என்று சொல்லியே விற்கலாம். அதற்குக் கீழ் போனதைத் தபாலில் ஏற்றுவதில் அர்த்தமில்லை. இந்தக் கோடுகளைச் சற்று மேலோ கீழோ நகர்த்தலாம். ஆனால் ஒரு கட்டுக்குள் இருக்கும் நாலு செல்களுக்கும் இடையே வித்தியாசம் 0.02 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பதை நகர்த்த வேண்டாம். தட்டில் வரலாறு எழுதியிருந்தால் எல்லாவற்றுக்கும் சுமைச் சோதனை தேவையில்லை. சுமையில்லா அளவை எல்லாவற்றுக்கும் எடுத்து, பத்துக்கு ஒன்றைச் சுமையில் பார்த்தால் போதும். ஒன்று விலகி நின்றாலும் அந்தத் தட்டு முழுவதையும் சோதிக்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு சிறு செல்கள் வரிசையாக உள்ளன. அதற்கு 220 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் பொருந்தும். சுமையில் 8 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் விற்பனைக்கு ஆகாது.

மேசையில் தட்டிப் பார்க்கும் வித்தை ஒன்று உண்டு. செல்லை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அடிப்பக்கம் கீழாகப் போட்டால், புதியது 'தப்' என்று நிற்கும், பழையது துள்ளிச் சாயும். துள்ளினால் செத்துவிட்டது என்று பரவலாகச் சொல்வார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2015-இல் இதை ஆராய்ந்தார்கள். துத்தநாகம் ஆக்சைடாக மாறும்போது கூழுக்குள் விறைப்பான பிணைப்பு உண்டாவதால் துள்ளல் கூடுகிறது. ஆனால் பாதிச் சக்தி தீரும்போதே அது உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு தீர்ந்தாலும் துள்ளல் ஒன்றுதான். செத்ததைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனை உதவாது. நம் வேலைக்கோ இது வேறு விதத்தில் உபயோகம். 'ஒரு காட்சி' தட்டில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நன்றாகத் துள்ளினால், அது எங்கோ அதிகமாக ஓடிய செல் என்று மீட்டர் இல்லாமலே தெரியும்.

விற்குமுன் அல்கலைன் செல்லை சார்ஜரில் போட்டு 'தெம்பேற்றும்' வழக்கம் சிலரிடம் உண்டு. வோல்டேஜ் 1.6-க்கு ஏறும், படம் எடுத்துப் போட அழகாக இருக்கும். சுமை வைத்த சில நிமிடங்களில் அது இறங்கிவிடும். உள்ளே ஏற்கெனவே வாயு உண்டாகி அடைப்பு நலிந்திருக்கும், கசிவு வாங்குபவர் வீட்டில் நடக்கும். செய்யக் கூடாது.

கட்டுவது

புது டபுள்-ஏ ஒன்றை ஷார்ட் செய்தால் பல ஆம்பியர் பாயும். பாதி தீர்ந்ததிலும் இந்த ஆபத்து பெரிதாகக் குறைவதில்லை. ஒரு பையில் தளர்வாகக் கொட்டிய நாற்பது செல்கள் குலுங்கும்போது ஒன்றின் மொட்டு இன்னொன்றின் அடியில் முட்டி, நீள வரிசைகள் தாமாக உருவாகும். வரிசையின் இரு முனைகளையும் ஒரு உலோகத் துண்டு இணைத்தால் போதும். 9 வோல்ட் பேட்டரி இன்னும் மோசம். இரண்டு முனைகளும் ஒரே பக்கம், அரை அங்குல இடைவெளியில். ஒரு சாவியோ பேப்பர் கிளிப்போ குறுக்கே விழுந்தால் கம்பி பழுக்கும், பக்கத்தில் காகிதம் இருந்தால் தீ. இந்தப் பேட்டரிகளை ஒன்றுடன் ஒன்று பொருத்தி அடுக்குவதும் கூடாது.

டபுள்-ஏவுக்கு எளிய கட்டு இது. எல்லாச் செல்களும் ஒரே திசையில், மொட்டு மேலாக, நிற்க வைத்து 6-க்கு 6 என்று 36 செல்கள். ஒரு செல்லின் விட்டம் 14.5 மில்லிமீட்டர் என்பதால் சதுரத்தின் பக்கம் 87 மில்லிமீட்டர், உயரம் 50.5. நாலு நாலாக ஏற்கெனவே பொருத்திய செல்களைக் காகிதப் பட்டையால் சுற்றி, ஒன்பது கட்டுகளாகவே அடுக்கினால் வாங்குபவர் பிரிக்கும்போதும் கட்டு கலையாது. மேலும் கீழும் ஒவ்வொரு தடித்த அட்டை வைத்து, மொத்தத்தையும் பிளாஸ்டிக் உறையால் இறுக்கமாகச் சுற்றவும். அலுமினியத் தாள், உலோக டப்பா, ஸ்டேப்ளர் பின் எதுவும் பெட்டிக்குள் நுழையக் கூடாது. சரியான அளவு அட்டைப்பெட்டியில், ஆறு பக்கமும் நசுக்கிய காகிதம் திணித்து, குலுக்கினால் சத்தம் வராத அளவுக்கு மூடவும். சத்தம் வந்தால் திறந்து மறுபடி கட்டுங்கள். உள்ளே எடை நகர்ந்தால் பெட்டியின் மூலை வழியில் எங்காவது பிய்யும். குமிழி உறை வைத்த கவரில் மட்டும் போட்டு அனுப்ப வேண்டாம். கனமான சிறு பொருள்கள் கவரின் மூலையைக் கிழித்துக்கொண்டு தபால் பிரிக்கும் இயந்திரத்துக்குள் உதிரும்.

36 என்ற எண்ணிக்கை தபால் எடையிலிருந்து வந்தது. 36 செல்கள் சுமார் 830 முதல் 850 கிராம். பெட்டியும் அட்டையும் 100 கிராம் எடுத்தாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கும். நாற்பது வைத்தால் தராசில் ஒரு கிலோவைத் தாண்டி அடுத்த கட்டணப் படிக்குப் போய்விடும். 72 செல்கள், கட்டுமானத்தோடு சேர்த்து 2 கிலோவுக்குள் வரும். 9 வோல்ட் ஒன்று சுமார் 45 கிராம். ஒவ்வொன்றின் முனைகள் மீதும் தனித்தனியே டேப் ஒட்டவும், சேர்த்துச் சுற்றினால் போதாது. பெரிய டார்ச் கட்டையான 'டி' செல் ஒன்று 140 கிராம் அளவுக்குக் கனக்கும். அதைத் தபாலில் விற்க முயல்பவர் தபால்காரருக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறார்.

எதை அனுப்பலாம்

அல்கலைன் போன்ற உலர் செல்களைச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் ஆபத்தான சரக்கு விதிகள் ஏ123 என்ற தனி விதியில் வைத்துள்ளன. முனைகள் ஷார்ட் ஆகாதபடியும் தற்செயலாக இயங்காதபடியும் காக்கப்பட்டிருந்தால் அவற்றுக்குக் கட்டுப்பாடு இல்லை. சரக்குச் சீட்டில் 'கட்டுப்பாடு அற்றது' என்று விதி எண்ணோடு எழுத வேண்டும். மேலே சொன்ன கட்டு இந்த நிபந்தனைக்காகத்தான். ஒவ்வொரு நாட்டுத் தபால் துறைக்கும் கூரியருக்கும் சொந்தப் பட்டியல் உண்டு. 'பேட்டரி' என்று மட்டும் சொன்னால் கவுன்டரில் திருப்பி அனுப்புவார்கள். 'உலர் அல்கலைன் செல், லித்தியம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் பேச்சு சுலபமாகும்.

லித்தியம் வேறு உலகம். மறுசார்ஜ் ஆகாத லித்தியம் செல்களைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2015 ஜனவரியிலிருந்து தடை. 2016 ஏப்ரல் முதல் லித்தியம்-அயான் பேட்டரிகளுக்கும் அதே தடை வந்தது. சரக்கு விமானத்தில் போனாலும் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சர்வதேசத் தபாலில் கருவிக்குள் பொருத்தப்பட்டவை மட்டும், அதுவும் நிபந்தனைகளோடு, அனுமதி. சட்டைப்பொத்தான் அளவு லித்தியம் செல்களைத் தளர்வாக விற்பதற்கு இன்னொரு தடையும் மனசாட்சியில் உண்டு: குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகும். பயன்படுத்தியதிலும் அந்த அளவுக்கு மின்சாரம் மீதம் இருக்கும்.

பொட்டலத்தின் மேல் 'பழைய பேட்டரி', 'கழிவு' என்றெல்லாம் எழுத வேண்டாம். கழிவு பேட்டரிக்குப் பல நாடுகளில் தனிச் சட்டம். நீங்கள் அனுப்புவது சோதித்த, பயன்படும் பொருள். அப்படி எழுதும் உரிமை உண்மையிலேயே சோதித்தவருக்கு மட்டும்தான்.

விலை

புதிய டபுள்-ஏவை மொத்தமாக வாங்கினால் ஒன்றுக்கு 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். சில்லறைக் கடை விலையோடு ஒப்பிடுவது தன்னைத்தானே ஏமாற்றுவது. 36 செல் வாங்குபவர் மொத்த விலையைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். மீதச் சக்தி 70 என்றால் 70 அலகு கிடைக்காது. உறையில் அச்சடித்த காலாவதித் தேதிக்கு இனி யாரும் பொறுப்பில்லை, கசியும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், வாங்குபவர் விற்பவரை நம்பியாக வேண்டும். இதற்கெல்லாம் கழித்தால் தபால் செலவும் சேர்த்துச் சுமார் 40 அலகில் நின்றால்தான் வாங்கத் தோன்றும். 36 செல் பெட்டிக்கு ஒரு செல்லுக்கான தபால் செலவு 25 என்று வந்தால், விற்பவருக்கு மிஞ்சுவது 15. பெட்டி, டேப், அரை மணி நேர வேலை எல்லாம் அதற்குள். 8 செல் பொட்டலத்துக்குத் தபால் செலவு அதே விகிதத்தில் குறையாது. ஒரு செல்லின் பங்கு எளிதில் 80-ஐத் தொடும், வியாபாரம் அங்கேயே முடிந்தது.

ஆகவே இது பெட்டிக் கணக்கில் மட்டும் ஓடும் தொழில். வாங்குபவர்களும் அதற்கேற்றவர்கள்: அறிவியல் செய்முறைக்குச் செல் தேடும் பள்ளிகள், அலங்கார விளக்குச் சரங்கள் வைத்திருப்பவர்கள், வீடு நிறையக் கடிகாரமும் ரிமோட்டும் உள்ளவர்கள். தபால் செலவு விலையைத் தாண்டும் தூரம் என்றால், அக்கம்பக்கத்தில் சும்மா கொடுத்துவிடுவது லாபம்.

விற்பனைக் குறிப்பில் எழுத வேண்டியவை அதிகமில்லை. 'டபுள்-ஏ அல்கலைன், 36 எண்ணம், வயர்லெஸ் மைக்கில் ஒரு முறை சுமார் 3 மணி நேரம் ஓடியவை. 4.7 ஓம் சுமையில் 1.36 முதல் 1.38 வோல்ட். ஒரே நிறுவனம், ஒரே தேதி. நாலு நாலாகக் கட்டியுள்ளோம், கட்டைக் கலக்காமல் போடவும். கடிகாரம், ரிமோட், சிறு விளக்குக்கு ஏற்றவை.' இதோடு ஒரு வரி கட்டாயம்: புகை எச்சரிக்கைக் கருவியிலும் மருத்துவக் கருவியிலும் போடக் கூடாது. மீதம் தெரியாத செல்லை உயிர் காக்கும் கருவியில் நம்பி வைக்க முடியாது. சதவீதம் எழுத வேண்டாம். வோல்ட் என்பது அளந்தது, சதவீதம் ஊகித்தது. '70 சதவீதம்' என்று எழுதினால் யாராவது ஒருவர் அதை அளந்து பார்த்துவிட்டு வருவார்.

சேர்த்துவைக்கும் காலமும் கணக்கில் வரும். புது அல்கலைன் அறை வெப்பத்தில் வருடத்துக்கு 2, 3 சதவீதம்தான் இழக்கும்; பயன்படுத்தியதற்கும் சக்தி இழப்பு பெரிய தலைவலி இல்லை. கசிவுதான் தலைவலி. சில மாதங்களுக்குள் விற்றுத் தீர்ப்பது நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெளியே எடுக்கும்போது வியர்த்து முனைகள் துருப்பிடிக்கும். வெயில் படாத அலமாரி போதும். அனுப்பும் நாளன்று அடிப்பக்கங்களை மறுபடி ஒரு முறை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். கசிந்த செல் ஒன்று அகப்பட்டால் கையுறை போட்டு எடுக்கவும், பட்ட இடத்தை வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைக்கவும். காரத்தை அது சமன்படுத்தும். தோலில் பட்டால் வினிகரைத் தேடாமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

புகார் வந்தால் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: எந்தக் கருவியில் போட்டீர்கள், நாலும் ஒரே கட்டிலிருந்து எடுத்தவையா. பெரும்பாலும் பதில் இந்த இரண்டில் ஒன்றில் இருக்கும். ஆனாலும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே மலிவு. செல்களைத் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள். திரும்பும் தபால் செலவு சரக்கின் விலையைத் தாண்டும். அதைவிட, அவர் எப்படிக் கட்டி அனுப்புவார் என்பது உங்களுக்குத் தெரியாது. முனைகளில் டேப் ஒட்டி, பக்கத்தில் உள்ள பேட்டரி சேகரிப்புப் பெட்டியில் போடச் சொன்னால் போதும்.